நாயை நீராட்டலும் ஒவ்வாமையும்: ஓர் ஆராய்ச்சியின் வரலாறு

நாய் வளர்க்கும் இல்லங்கள் சிலவற்றில் ஒரு வழக்கு எழுவதுண்டு. பிள்ளைக்கு ஓயாத தும்மல். கண்கள் சிவந்து நீர் வடிகின்றது. இரவானால் மூச்சு இழுக்கின்றது. மருத்துவர் சோதித்துப் பார்த்து, நாய் ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார். அன்று மாலையே வீட்டில் இரு கட்சிகள் தோன்றிவிடுகின்றன. நாயை உடனே எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிட வேண்டும் என்பது பாட்டியாரின் கட்சி. சோப்புப் போட்டு நன்றாகக் குளிப்பாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது தந்தையின் கட்சி. நடுவில் பிள்ளை நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுகின்றது.

இவ்விரு கட்சியினரும் அன்பினாலேயே பேசுகின்றனர். ஆயினும் ஒரு பக்கம் பிள்ளையின் மூச்சும், மறு பக்கம் வாயில்லாப் பிராணியின் வாழ்வும் நிற்கும்போது, அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும். நாயைக் குளிப்பாட்டுவதால் பயன் உண்டா? உண்டு எனின் எவ்வளவு? அப்பயன் எத்தனை நாள் நிற்கும்? இவ்வினாக்களுக்கு விடை காண மருத்துவ உலகம் நூறாண்டுகளுக்கு மேல் நடக்க வேண்டியிருந்தது. அவ்வழியைப் பின்தொடர்ந்து சென்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லைப் பார்ப்போம். இந்நோயை நாம் இன்று ஒவ்வாமை என்கிறோம். ‘ஒவ்வு’ என்பதற்கு ஒத்திரு, பொருந்து என்பது பொருள். அதன் எதிர்மறையாகப் பிறந்த தொழிற்பெயரே ஒவ்வாமை. பேச்சு வழக்கில், “இறால் எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று கூறுவதும் இப்பொருள் பற்றியதே. இறாலில் குற்றமில்லை, அதே கறியைப் பக்கத்தில் இருப்பவர் வயிறார உண்கிறார். குற்றம் உண்பவரிடமும் இல்லை. இரண்டும் கூடுமிடத்தில் பொருத்தமில்லை, அவ்வளவே.

இச்சொல் ஒரு பெருந்தவற்றிலிருந்து நம்மைக் காக்கின்றது. நாயினால் மூச்சுத் திணறல் வருகிறது என்றதும், நாய் அழுக்கானது, அதனால்தான் நோய் என்று பலர் எண்ணிவிடுகின்றனர். அழுக்கு வேறு, ஒவ்வாமை வேறு. நாள்தோறும் துடைத்துப் பட்டுப்போல் வைத்திருக்கும் நாயும் ஒருவருக்கு ஒவ்வாமை தரலாம். சேற்றில் புரண்டு வரும் நாயோடு மற்றொருவர் யாதொரு தீங்குமின்றி வாழலாம். அங்ஙனமாயின் குளிப்பாட்டுதல் எதனைக் கழுவுகின்றது? இதற்கு விடை கிடைத்த வரலாறு சுவையானது.

மான்செஸ்டர் மருத்துவரும் புல்லின் தாதும்

1819ஆம் ஆண்டில் ஜான் பாஸ்டாக் என்னும் ஆங்கில மருத்துவர், கோடைதோறும் தம்மைப் பற்றும் கண்ணெரிச்சலையும் தும்மலையும் லண்டன் மருத்துவக் கழகத்தின் முன் விவரித்தார். வைக்கோற் காய்ச்சல் என்று பின்னர்ப் பெயர் பெற்ற நோய் அது. அதன் காரணம் அவருக்குப் புலப்படவில்லை. 1860இல் ஹென்ரி ஹைட் சால்டர் என்பார் ஈளை நோயைப் பற்றிப் பெருநூல் ஒன்று வெளியிட்டார். அவரும் அந்நோயாளரே. பூனை முதலிய விலங்குகளின் அருகாமையே சிலருக்கு மூச்சுத் திணறலை உண்டாக்கிவிடுகிறது என்பதை அந்நூலில் அவர் பதிவு செய்தார். விலங்கிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று வெளிப்படுகிறது என்னும் அளவில் அன்றைய அறிவு நின்றது.

அந்தக் கண்ணுக்குத் தெரியாத பொருளைப் பிடித்துக் காட்டும் முறையை வகுத்தவர் மான்செஸ்டர் நகரத்து மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. வைக்கோற் காய்ச்சலால் தாமே வருந்திய இவர், பிறர் உடம்பை விட்டுத் தம் உடம்பையே சோதனைக் களமாக்கினார். தம் தோலைச் சிறிது கீறி, அதன்மேல் புல்லின் பூந்தாதை நனைத்து வைத்தார். அவ்விடம் தடித்து அரித்தது. இன்றும் ஒவ்வாமை மருத்துவர் செய்யும் தோற்சோதனைக்கு இதுவே முன்னோடி. அதனோடு அவர் நிற்கவில்லை. பசை தடவிய கண்ணாடித் தகடுகளைக் காற்றில் வைத்தும், பட்டத்தில் கட்டி வானில் பறக்க விட்டும், அவற்றில் ஒட்டிய தாதுக்களை நாள்தோறும் எண்ணினார். தாது மிகுந்த நாளில் நோய் மிகுந்தது. தாது குறைந்த நாளில் நோய் தணிந்தது. 1873இல் இவற்றையெல்லாம் நூலாக வெளியிட்டார்.

இங்கே நாம் மனத்தில் இருத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஒவ்வாமை என்பது பெரிதும் அளவைப் பொறுத்தது. நோய் தரும் பொருள் முற்றும் ஒழியாவிட்டாலும், அதன் அளவு குறையுமானால் துன்பமும் குறையலாம். நாயை நீராட்டும் முறை நிற்பது இந்த அடிப்படையின்மேல்தான்.

நெப்டியூன் என்னும் நாய்

அடுத்த அடி எடுத்து வைக்கப்பட்டதற்குக் காரணமாய் அமைந்தது ஒரு நாயின் உயிர் என்பதை அறிந்தோர் சிலரே.

1901ஆம் ஆண்டில் மொனாக்கோ நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் ஆராய்ச்சிக் கப்பலில் சார்ல் ரிஷே, பால் போர்ட்டியே என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் சென்றனர். கடலில் மிதக்கும் ஒருவகை நச்சுயிரியின் கொடுக்கு எவ்வாறு துன்பம் விளைக்கிறது என்பது அவர்தம் ஆராய்ச்சி. பாரிசுக்குத் திரும்பிய பின், கடற்சாமந்தியின் நஞ்சைக் கொண்டு அவ்வாராய்ச்சியை நாய்களிடம் தொடர்ந்தனர். சிறிதளவு நஞ்சை முன்னதாக ஏற்றினால், அடுத்த முறை உடம்பு அதனைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அம்மை குத்துவதன் கருத்தும் அதுவே அன்றோ!

நெப்டியூன் என்பது நல்ல உடற்கட்டு வாய்ந்த நாய். முதல் முறை ஏற்றிய நஞ்சால் அதற்குப் பெருந்தீங்கு நேரவில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின், மீண்டும் சிறிதளவே ஏற்றினர். நாய் உடனே மூச்சுத் திணறி வீழ்ந்து, அரை மணி நேரத்திற்குள் இறந்தது. காப்பாற்றும் என்று எண்ணிய முதல் மருந்தே உடம்பை எதிரியாக்கி வைத்திருந்தது. காப்புக்கு எதிரானது என்னும் பொருள்பட இதற்குக் கிரேக்கச் சொற்களால் ‘அனபிலாக்சிஸ்’ என்று 1902இல் பெயரிட்டனர். ரிஷே 1913இல் நோபெல் பரிசு பெற்றார்.

வியன்னா நகரில் குழந்தை மருத்துவராய் இருந்த கிளெமென்ஸ் ஃபான் பிர்க்கே, ஊசி வழியே குதிரையின் சீரம் ஏற்றப்பெற்ற குழந்தைகளிடம் இதனையொத்த மாற்றத்தைக் கண்டார். முதல் முறை பல நாள் கழித்துத் தோன்றிய காய்ச்சலும் தடிப்பும் இரண்டாம் முறை விரைந்து தோன்றின. உடம்பு முன்பு கண்ட பொருளை நினைவில் வைத்து, வேறுவிதமாக எதிர்வினை புரிகிறது என்று அவர் முடிவு செய்தார். வேறு, செயல் என்னும் பொருள் தரும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்து 1906இல் ‘அலர்ஜி’ என்னும் சொல்லை ஆக்கினார். இன்று உலக மொழிகள் பலவற்றில் வழங்குவதும், நம்மவர் நாவில் தவழ்வதும் அச்சொல்லே.

1911இல் லண்டனில் லியோனார்டு நூன் என்பவர், புல்லின் தாதுச் சாற்றை மிகச் சிறு அளவில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி ஊசியேற்றி, நோயாளியின் தாங்குமாற்றலை உயர்த்தும் முறையை வெளியிட்டார். இங்கும் அளவே முதன்மை பெறுவதைக் காண்க. இம்முறை இன்றும் கையாளப்படுகிறது. எனினும் தாதுவுக்கும் தூசியில் வாழும் சிற்றுயிர்க்கும் இதனால் கிடைத்த பயன்போல நாய் ஒவ்வாமைக்குக் கிடைத்ததென உறுதியாகச் சொல்லும் சான்று இன்னும் போதவில்லை.

குருதியில் மறைந்திருந்த பொருள்

உடம்பின் அந்த நினைவு எங்கே தங்குகிறது? 1921இல் பிரெஸ்லாவு நகரில் பிரவுஸ்னிட்ஸ், குஸ்ட்னர் என்னும் இருவர் இதற்குத் துணிச்சலான சோதனை ஒன்று செய்தனர். குஸ்ட்னருக்கு மீன் ஒவ்வாது. அவருடைய குருதிச் சீரத்தைச் சிறிதெடுத்துப் பிரவுஸ்னிட்ஸ் தம் தோலில் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அவ்விடத்தில் மீன் சாற்றை ஏற்றியதும் தோல் தடித்தது. மீனால் என்றும் துன்புறாத ஒருவரின் தோல், நண்பரின் குருதியிலிருந்து ஒவ்வாமையைக் கடன் வாங்கிவிட்டது! ஆகவே குருதியில் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது என்பது தெளிவாயிற்று.

அப்பொருள் இன்னதென்று காண மேலும் நாற்பத்தைந்து ஆண்டுகள் ஆயின. 1966இல் அமெரிக்காவின் டென்வர் நகரில் கிமிஷிகே இஷிசாகா, தெருகோ இஷிசாகா என்னும் ஜப்பானியத் தம்பதியரும், 1967இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் என்னும் இருவரும் தனித்தனியே அதனைக் கண்டனர். 1968இல் அதற்கு இம்யூனோகுளோபுலின் ஈ என்னும் பெயர் நிலைபெற்றது. உடம்பின் திசுக்களில் சில உயிரணுக்கள் காவற்காரர்போல் நிற்கின்றன. அவற்றின்மேல் இப்பொருள் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தான் அடையாளம் கண்ட புரதம் வந்து தொட்டதும், காவலணு வெடித்தாற்போல் ஹிஸ்டமின் முதலியவற்றைக் கொட்டுகிறது. மூக்கில் கொட்டினால் தும்மல், கண்ணில் நீர், தோலில் அரிப்பு, மூச்சுக் குழலில் இழுப்பு.

உரோமமா, எச்சிலா?

இனி நம் வழக்கிற்குத் திரும்புவோம். நாயின் உடம்பில் அந்தப் புரதம் எங்கே இருக்கிறது?

நாயின் உரோமந்தான் நோய் தருவது என்பது பொதுமக்கள் நம்பிக்கை. தரையில் கிடக்கும் உரோமம் கண்ணுக்குத் தெரிகிறது. ஆதலின் பழி அதன்மேல் விழுந்தது. 1991இல் நாய் ஒவ்வாமையின் முதன்மைப் புரதம் தூய்மையாகப் பிரித்தெடுக்கப்பட்டது. அதற்குக் கேன் எஃப் 1 என்பது பெயர். நாயின் அறிவியற் பெயரான கேனிஸ் ஃபமிலியாரிஸ் என்பதன் முதலெழுத்துக்களைக் கொண்டு அமைந்த குறியீடு அது. இப்புரதம் நாயின் உமிழ்நீரிலும், உதிரும் தோற்செதிலிலும் காணப்படுகிறது. நாய் தன்னை நக்கிக்கொள்ளுகையில் எச்சில் உரோமத்தின்மேல் பரவிக் காய்கிறது. செதிலும் காய்ந்த எச்சிலும் பொடியாகி உதிர்கின்றன. உரோமம் இவற்றைச் சுமந்து செல்லும் வண்டியே அன்றிச் சரக்கு அன்று.

இப்பொடியின் நுண்மை நம்மை வியக்கச் செய்யும். காற்றில் மிதக்கும் நாய்ப் புரதத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஐந்து பங்கினும் சிறிய துகள்களில் இருப்பதாக 1997இல் பிரித்தானிய ஆராய்ச்சியாளர் அளந்து கூறினர். அத்துணை நுண்ணிய துகள் எளிதில் தரையில் படியாது. நெடுநேரம் காற்றில் மிதந்து நுரையீரலின் ஆழம் வரை செல்லும். நாய் தோட்டத்தில் படுத்திருக்கையிலும் கூடத்தில் அமர்ந்திருப்பவர் தும்முவது ஏன் என்பது இப்போது விளங்கும்.

நாய்க்குரிய புரதம் ஒன்றன்று, பல. 2009இல் விளக்கப்பெற்ற கேன் எஃப் 5 என்பது ஆண் நாயின் விந்துச் சுரப்பியில் தோன்றுவது. பெண் நாயிடம் இல்லாதது. சிலர்க்கு இஃது ஒன்றே ஒவ்வாது. அத்தகையோர் பெண் நாயோடு துன்பமின்றி வாழக்கூடும். தக்க குருதிச் சோதனையால் இதனை மருத்துவர் கண்டறியலாம்.

நீராட்டின் கணக்கு

பொருள் இன்னதென்று தெரிந்த பின், அதனைக் கழுவ முடியுமா என்று அளந்து பார்க்க வழி பிறந்தது. பூனைகளிடம் இச்சோதனை முதலில் நடந்தது. நீரில் முழுக்கியெடுத்தால் பூனையின் புரதம் பெருமளவு குறைகிறது, ஆனால் ஒரு வாரத்திற்குள் பழைய நிலை திரும்பிவிடுகிறது என்று 1997இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கண்டனர்.

நாய்க்கான விடை 1999இல் வெளியாயிற்று. அதனை அளித்தவர்கள் மான்செஸ்டர் நகர ஆராய்ச்சியாளர்கள். பிளாக்லி பட்டம் பறக்கவிட்டுத் தாதுவை எண்ணிய அதே நகரம், அவர் நூல் வெளியாகி 126 ஆண்டுகளுக்குப் பின், குளிப்பாட்டிய நாயின் உரோமத்திலுள்ள புரதத்தை அளந்து காட்டியது. நன்றாகக் கழுவிய நாயின் உரோமத்திலும் செதிலிலும் கேன் எஃப் 1 ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் குறைந்தது. ஆனால் மூன்று நான்கு நாட்களில் அளவு மீண்டும் பழைய நிலையை எட்டிவிட்டது. நாய் வாழும் வீட்டின் காற்றிலும் புரதம் குறைந்தது. ஆயினும் அக்குறைவு பெரிதன்று. வாரத்திற்கு இரு முறையேனும் கழுவினாலன்றிப் பயன் நிலைக்காது என்பது அவர்கள் முடிவு.

இம்முடிவில் தந்தையின் கட்சிக்கும் பாட்டியாரின் கட்சிக்கும் ஒருங்கே பாடம் உண்டு. குளிப்பாட்டுவது வீண் என்பார் கூற்று பொய்த்தது. ஒரு முறை குளிப்பாட்டிவிட்டால் போதும் என்பார் கூற்றும் பொய்த்தது. விழாவுக்கு வீடு மெழுகுவதுபோல் மாதம் ஒரு முறை நாயைத் தேய்த்துக் குளிப்பாட்டிவிட்டு, இனிப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்றிருப்பது தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்வதாகும். நாயின் உடம்பு அப்புரதத்தை ஓயாது சுரக்கிறது. நம் கையும் ஓயாது கழுவ வேண்டும்.

மற்றுமொரு வரம்பையும் மறைக்காமல் சொல்லுதல் கடமை. மான்செஸ்டர் அறிஞர் அளந்தது புரதத்தின் அளவை. அளவு குறைந்ததனால் நோயாளியின் மூச்சு எவ்வளவு சீரடையும் என்பது ஆளுக்கு ஆள் வேறுபடும். இலேசான தும்மலோடு நிற்பவருக்கு அக்குறைவு போதியதாகலாம். கடும் ஈளையால் வருந்தும் குழந்தைக்கு ஐந்தில் ஒரு பங்கும் மிகுதியாகலாம். ஆகவே நீராட்டு மருந்துக்கு மாற்று ஆகாது. மருத்துவரின் சொல்லே முடிவாதல் வேண்டும்.

செய்யும் முறையிலும் இவ்வறிவு நமக்கு வழி காட்டுகிறது. சீப்பிட்டு வாரும்போது செதில் பறக்கும். எனவே வாருதல் வீட்டுக்கு வெளியே நடைபெற வேண்டும். ஒவ்வாமை இல்லாதவரே அதனைச் செய்ய வேண்டும். முதலில் வாரி, உதிர்வனவற்றை நீக்கிய பின் குளிப்பாட்டுவது முறை. மனிதத் தோலைவிட நாயின் தோல் புளிப்புத் தன்மை குறைந்தது. ஆதலின் நாம் தேய்க்கும் சோப்பு அதற்கு ஏற்றதன்று. வாரம் இரு முறை அதனைத் தேய்த்தால் தோல் வறண்டு, செதில் முன்னிலும் மிகுதியாக உதிரும். நாய்க்கென்று செய்த மென்மையான சவர்க்கார நீரையே கொள்க. நம் நாட்டின் ஈரக் காற்றில் நாயை நனைந்தபடியே விட்டுவிட்டால், தோல் மடிப்பிலும் காதிலும் பூஞ்சை பற்றும். நன்கு துவட்டி உலர்த்துதல் குளிப்பாட்டுதலின் பாதி வேலை. நாயின் படுக்கைத் துணியையும் உடன் துவைக்காவிடில், கழுவிய புரதம் அதன்மேல் மறுபடியும் ஏறிவிடும்.

நம்மவர்க்கு ஒரு நல்வாய்ப்பும் உண்டு. மேலைநாட்டு இல்லங்களில் விரித்த தடித்த கம்பளம் நாய்ப் புரதத்தைக் களஞ்சியம்போல் சேர்த்து வைக்கும். நம் வீடுகளிலோ பெரும்பாலும் ஓடு பதித்த தரை. விளக்குமாற்றால் தூசியைக் கிளப்பாமல், ஈரத் துணியால் துடைத்தால் எளிதில் நீங்கும். படுக்கையறைக்குள் நாயை விடாதிருப்பது எல்லாவற்றினும் எளிய காப்பு.

ஒவ்வாமை தராத நாய் உண்டா?

வாரம் இரு முறை நீராட்டுவதற்குச் சோம்புவோர், ஒவ்வாமையே தராத நாய் ஒன்று கிடைக்காதா என்று ஏங்குவது இயல்பு. இந்த ஏக்கம் ஒரு தனி வரலாற்றைப் படைத்தது.

1980களில் ஹவாய்த் தீவிலிருந்த பார்வையற்ற பெண்மணி ஒருவர், ஆஸ்திரேலிய நாட்டு வழிகாட்டி நாய்ச் சங்கத்தாரை நாடினார். அவருக்கு வழிகாட்டி நாய் வேண்டும். அவர் கணவருக்கோ நாய் ஒவ்வாது. அச்சங்கத்தில் நாய் இனப்பெருக்கப் பொறுப்பிலிருந்த வாலி கோன்ரன், முதலில் உரோமம் குறைவாக உதிர்க்கும் பூடில் நாய்களைப் பழக்க முயன்றார். அவை அப்பணிக்கு ஏற்றனவாக அமையவில்லை. பின்னர் லாப்ரடாரையும் பூடிலையும் கலந்து 1989இல் குட்டிகளைப் பெற்றார். குட்டிகளின் உரோமத்தையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிக் கணவரிடம் சோதித்தனர். குட்டிகளுள் சுல்தான் என்னும் ஒன்றே அவருக்கு ஒவ்வியது.

ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகளுள் ஒன்று ஒவ்வ, மற்றவை ஒவ்வவில்லை என்னும் செய்தியே உண்மையை உணர்த்தப் போதும். ஆனால் உலகம் அதனைக் கேட்கவில்லை. லாப்ரடூடில் என்று பெயரிட்ட அக்கலப்பினம் ஒவ்வாமை தராத நாய் என்று விளம்பரமாகி எங்கும் பரவியது. பேராசை கொண்டோர் கண்டபடி நாய்களைக் கலந்து விற்கத் தொடங்கியது கண்டு, தாம் செய்ததற்குக் கோன்ரனே பின்னாளில் வருந்தினார். 2009இல் அமெரிக்க அதிபர் ஒபாமாவின் மகளுக்கு ஒவ்வாமை இருந்ததால், ‘போர்ச்சுகீசிய வாட்டர் டாக்’ இனத்தைச் சேர்ந்த போ என்னும் நாய் வெள்ளை மாளிகைக்கு வந்தது. அதனால் இந்நம்பிக்கை மேலும் புகழ் பெற்றது.

ஆராய்ச்சி இதற்கு இடம் தரவில்லை. 2011இல் அமெரிக்காவின் டிட்ராய்ட் நகரத்தார், ஒவ்வாமை தராதன என்று சொல்லப்படும் இன நாய்கள் வாழும் வீடுகளின் தூசியை மற்ற வீடுகளின் தூசியோடு ஒப்பிட்டனர். புரத அளவில் வேறுபாடு காணவில்லை. 2012இல் நெதர்லாந்து அறிஞர் ஒருபடி மேலே சென்றனர். அவ்வகை நாய்களின் உரோமத்தில் கேன் எஃப் 1 மற்றவற்றைவிட மிகுதியாகவே இருந்ததை அவர்கள் கண்டனர். எந்த இனத்தையும் ஒவ்வாமை தராதது என்றுரைக்கச் சான்றில்லை என்பது அவர்கள் முடிவு. உரோமம் உதிராமலிருப்பது சரக்கு ஏற்றிய வண்டி நின்றிருப்பதை ஒக்கும், சரக்கு குறைந்துவிடவில்லை. அந்நாய்க்கும் நீராட்டு வேண்டும்.

நாய்க்கும் உண்டு ஒவ்வாமை

மனிதருக்கு நாய் ஒவ்வாதது போல, நாய்க்கும் உலகிற் சில பொருள்கள் ஒவ்வா. 1941இல் விட்டிச் என்னும் அமெரிக்க மருத்துவர், இலையுதிர் காலந்தோறும் வைக்கோற் காய்ச்சலால் வருந்திய நாய் ஒன்றைப் பற்றி எழுதினார். விலங்கிற்குத் தானாகவே வரும் ஒவ்வாமையைப் பற்றிய முன்னோடிக் குறிப்பு அது. பின்னர் வந்த கால்நடை மருத்துவர், நாயின் ஒவ்வாமை பெரும்பாலும் தோலிலேயே வெளிப்படுவதை விளக்கினர். பூந்தாது, தூசியில் வாழும் சிற்றுயிர், தெள்ளுப்பூச்சியின் கடி ஆகியவற்றால் அது ஓயாது சொறிந்து, நக்கி, தோலைப் புண்ணாக்கிக்கொள்கிறது.

அவ்வாறு நக்கும் நாயின் உரோமத்தில் எச்சில் மிகும். சொறியும் நாயிடமிருந்து செதில் மிகும். நாயின் ஒவ்வாமை வீட்டுப் பிள்ளையின் ஒவ்வாமைக்கு எரியூட்டக்கூடும் என்பது இதனால் பெறப்படும். நாயின் தோலில் படிந்த தாதுவையும் தூசியையும் கழுவி அரிப்பைத் தணிப்பதும் நீராட்டே. ஒரே குவளை நீர் இருவருக்கும் உதவுகின்றது. ஆதலின் ஓயாது சொறியும் நாயைக் கால்நடை மருத்துவரிடம் காட்டுவது, பிள்ளைக்குச் செய்யும் நன்மையும் ஆகும்.

ஆசிரியர் அறிய வேண்டுவது

இவ்வரலாற்றில் வகுப்பறைக்கும் பங்குண்டு. 1990களில் சுவீடனிலும் பிரித்தானியாவிலும், நாயோ பூனையோ கால் வைத்திராத பள்ளி அறைகளில் அவற்றின் புரதம் கண்டெடுக்கப்பட்டது. வளர்ப்போர் வீட்டுப் பிள்ளைகளின் ஆடையில் ஒட்டிக்கொண்டு அது பள்ளிக்கு வந்திருந்தது. பூனை வளர்ப்போர் பலர் பயிலும் வகுப்பில், பூனை ஒவ்வாத மாணவரின் ஈளை விடுமுறைக்குப் பின் பள்ளி திறந்ததும் மிகுந்ததை 2001இல் சுவீடன் ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

வீட்டில் நாயே இல்லாத மாணவன் வகுப்பில் தும்மி இருமினால், அவன் நடிக்கிறான் என்று கருத வேண்டா. நாய் வளர்க்கும் மாணவியை நோக்கி, உன்னால்தான் இவனுக்கு நோய் என்று பிறர் கேட்கச் சொல்லுதலும் வேண்டா. ஒரு சொல்லால் இரு உள்ளங்கள் புண்படும். பாதிக்கப்பட்ட பிள்ளைக்குச் சன்னலோரம் இடம் கொடுத்து, மருந்தை உடன் வைத்திருக்கச் செய்து, பெற்றோருக்குத் தெரிவிப்பதே நல்லாசிரியர் செயல்.

வழக்கின் தீர்ப்பு

இனி, தொடக்கத்திற் கண்ட வழக்கிற்கு வருவோம். நாயை அன்றே ஓட்டிவிட்டால் மறுநாளே நோய் தீரும் என்பதும் மெய்யன்று. பூனையை நீக்கிய வீடுகளை அமெரிக்க அறிஞர் 1989இல் ஆராய்ந்தபோது, தூசியிலிருந்த புரதம் பூனையில்லா வீட்டின் அளவுக்கு இறங்கப் பல வீடுகளில் ஐந்தாறு மாதங்கள் ஆயின. மெத்தையிலும் நாற்காலித் திண்டிலும் படிந்தது அத்துணை விரைவில் அகலாது. இதனை அறியாதார், நாய் போயும் நோய் போகவில்லையே என்று மருந்தைக் குறை கூறுவர். நாயோ அதற்குள் தெருவில் அலைந்து எங்கோ மடிந்திருக்கும்.

தீர்ப்பு இதுவே. முதலில் நாய்தான் காரணமா என்பதைச் சோதனையால் உறுதி செய்க. நம் ஈரமான நாட்டில் மெத்தைத் தூசியில் வாழும் சிற்றுயிர் பல வேளைகளில் மெய்யான குற்றவாளியாய் இருக்கும். நாய்தான் எனின், நோய் கடுமையோ இலேசோ என்று மருத்துவர் கூறுவதைக் கேட்க. இலேசானதாயின், வாரம் இரு முறை நீராட்டு, வெளியில் சீப்பிடல், ஈரத் துணியால் தரை துடைத்தல், படுக்கையறைக்குத் தடை ஆகிய நான்கையும் விடாது செய்ய வீட்டார் உறுதி கொள்ளுதல் வேண்டும். அவ்வுறுதி இல்லையெனின், அல்லது நோய் கடுமையெனின், நாயை அன்புடன் காக்கும் வேறொரு வீட்டில் ஒப்படைத்தல் வேண்டும். தெருவில் விடுதல் எக்காரணத்தாலும் தகாது.

காப்பென்று எண்ணி ஏற்றியது நஞ்சாகி நெப்டியூன் மடிந்தது. அதன் உயிரை விலையாகக் கொண்டே மனிதன் ஒவ்வாமையைப் புரிந்துகொள்ளத் தொடங்கினான். அக்கடனை நினைப்போர்க்கு, வாரத்தில் இரு முறை ஒரு வாளி நீரும் அரை மணி நேரமும் பெரிய செலவாகத் தோன்றா.